அமைச்சரை வினாவுதல்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் நாலந்தாவில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடப்போமாயின், நீர் சூழ்ந்த மேடொன்றின்மீது கருங்கற் கோயில் ஒன்று தோன்றும். நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். பல்லவர் காலக் கற்றளிகளைக் கண்ட கண்ணுக்கு அதன் தூண்களும் கூடுகளும் புதியனவல்ல. தென்முகக் கூட்டினுள் குபேரன் வீற்றிருக்கின்றான். கட்டடக்கலை திராவிடம், வழிபாடு பௌத்தம். கி.பி. 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையுள்ள காலத்தில் எழுந்தது என்பர் ஆராய்ச்சியாளர். நம் கல்லூரி மாணவர் பலர் சுற்றுலாவின் பெயரால் இதனைக் கண்டிருப்பர். ஆயினும், இன்று அது நிற்குமிடம் அதன் பழைய இடம் அன்று என்பதை அறிந்தோர் சிலரே.

மகாவலி நீரைப் பொல்கொல்லையில் மறித்து, மலையைக் குடைந்து உக்குவளைக்குக் கொணர்ந்து, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் விட்டு, போவத்தென்னையில் மீண்டும் தேக்கி வடக்கே கலா ஓயாப் பக்கம் திருப்பும் பெருந்திட்டம் 1970களில் நிறைவேறியது. அத்தேக்கத்துள் நாலந்தாவின் வயல்களோடு இக்கோயிலும் மூழ்கவிருந்தது. தொல்பொருளியலார் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, முன்பிருந்த அடைவு மாறாமல் மேட்டில் மீளக் கட்டினர். பாராட்டத்தக்க செயலே. ஒரு கல்லுக்கேனும் இடம் தவறலாகாதென்று கவலை கொண்ட அரசு அது.

அதே பத்தாண்டில், இதே மாத்தளை மலைகளில், வேறொரு பெயர்ச்சியும் நிகழ்ந்தது. 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் எல்லை வகுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நிலம் இல்லாதவனுக்கு நிலம் என்னும் நோக்கத்தைக் குறைகூற எவரால் இயலும்? ஆனால், அந்நிலத்தில் மூன்று தலைமுறையாக உழைத்தவர் எங்கே செல்வர் என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட இடங்களில் வேலையிழந்தோரும், லயத்திலிருந்து வெளியேற்றப்பட்டோரும், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை முடிச்சுகளோடு நடந்தோரும் பலர். 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப்புற இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிக உயர்ந்தது. கல்லைப் பெயர்த்தவர்கள் அதனை எங்கே வைப்பது என்று முன்னரே முடிவு செய்திருந்தனர். மக்களைப் பெயர்த்தபோது அவ்வினாவை அமைச்சரிடம் எழுந்து கேட்பார் யார் இருந்தனர்?

இதற்கு விடை காணச் சிறிது பின்னோக்குதல் வேண்டும். டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் 1931இல் அமைந்த அரசாங்க சபையில் அட்டன் தொகுதி உறுப்பினர் பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவே வீற்றிருந்தார். தோட்டத்தில் பிறந்தாரொருவர் வினாவுக்கு விடையிறுக்கும் ஆசனத்தில் இருந்த காலம் அது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் வென்ற இடங்களை ஆறு என்றும் ஏழு என்றும் எண்ணுவர். தொண்டமானும் இராஜலிங்கமும் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அவையில் அமர்ந்தது அப்போதுதான். ஓராண்டு கழிவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் தொடர்ந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 7,80,000 பேராக இருந்த ஒரு மக்கட் கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். 1952 தொடங்கி 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வெல்லும்வரை, இருபத்தைந்து ஆண்டுகள், தோட்டத் தொழிலாளர் இயக்கத்தின் சார்பில் வாக்காளரால் தேர்ந்து அனுப்பப்பட்ட உறுப்பினர் ஒருவர்தாமும் பாராளுமன்றத்தில் இல்லை. இடையிடையே நியமன உறுப்பினர் இருந்தனர் என்பது உண்மை. ஆனால், நியமனம் பெற்றவர் நியமித்தவரையே வினாவுதல் எளிதோ? நிலச் சீர்திருத்தமும் பஞ்சமும் அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள்ளேயே வந்தன.

வாக்குரிமை போனமை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். வாக்கோடு வினாவுரிமையும் போயிற்று என்பதை அத்துணை உணர்ந்தோமில்லை. வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயன்படுவது. வினா சபை கூடும் நாள்தோறும் பயன்படுவது.

வினா என்று யான் குறிப்பது சொற்பொழிவை அன்று. இங்கே நம்மவர் குறையொன்றை ஒளியாது கூறவேண்டும். நம் கல்லூரிகளின் தருக்க மன்றங்கள் நாவலரையும் நாவன்மையாளரையும் உருவாக்கின. ஒரு மணிநேரம் தடையின்றிப் பேசியவனுக்குப் பரிசில் தந்தோம். ஒரே வாக்கியத்தில் சரியான கேள்வி கேட்டவனுக்கு ஒன்றும் தந்தோமில்லை. அப்பழக்கம் பாராளுமன்றம் வரை சென்றது. தமிழ் உறுப்பினர் பலர் அவையில் ஆற்றிய உரைகள் ஆவேசம் மிக்கவை, வரலாற்று மேற்கோள் செறிந்தவை, மறுநாட் பத்திரிகையில் நான்கு பத்தி கொள்பவை. அமைச்சர் அவற்றைக் கேட்டு முறுவலித்து இருந்துவிடலாம். உரைக்கு விடையளிக்க வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. வினாவோ அத்தகையதன்று. ஒழுங்குப் பத்திரத்தில் எண்ணோடு ஏறிய வினாவுக்கு ஏதேனும் ஒன்று கூறியே தீரல் வேண்டும். கூறியது ஹன்சாட்டில் அச்சேறும். பொய்யாயின் என்றேனும் ஒருநாள் எழுந்து நிற்கும்.

சிலப்பதிகாரக் கதை நாம் அறியாததன்று. பாண்டியன் அவையில் கண்ணகி அழுததும் சினந்ததும் பெரிதல்ல. தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்றாள். அரசி சிலம்பின் பரல் முத்து என்பது அரசன் வாயிலிருந்தே வெளிப்பட்டது. வழக்கு அங்கேயே தீர்ந்தது. அரசனை வீழ்த்தியது, உடைத்துப் பார்த்துச் சரிபார்க்கத்தக்க ஒரு செய்தி. வினாவின் இலக்கணம் அதுவே.

இலங்கைச் சபைகளில் இவ்விலக்கணத்தை உணர்ந்து நடந்தவருள் முதல்வராகச் சேர் பொன்னம்பலம் இராமநாதனையே கூறுவேன். 1879இல் சட்டநிரூபண சபையில் நியமன உறுப்பினராகப் புகுந்து, பின்னர் சொலிசிற்றர் ஜெனரலாக அரசின் உள்ளறையையும் கண்டு, 1911இல் படித்த இலங்கையரின் ஒரே ஆசனத்துக்குத் தேர்தலில் வென்று மீண்டவர் அவர். 1915இல் கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிறந்தது. சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் இருந்தனர். அன்றைய சபையில் அரசாங்க உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். இராமநாதன் எத்தீர்மானத்தையும் நிறைவேற்றியிருக்க முடியாது. அதனை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்தும், ஊர் ஊராகச் சான்று திரட்டி, இன்ன இடத்தில் இன்னவாறு நிகழ்ந்தது, யார் ஆணையால் நிகழ்ந்தது என்று தேசாதிபதியின் முகத்தெதிரே எடுத்துரைத்தார். போர்க்காலக் கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் இலண்டனில் அதனை நூலாகவும் வெளியிட்டார். சேர் றொபேட் சாமர்ஸ் தேசாதிபதிப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

அவர் கேட்டது தமிழருக்காக அன்று என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சுடப்பட்டோர் சிங்களவர், கேட்டவர் தமிழர். இராமநாதனுடைய அரசியற் கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்பவன் அல்லன் யான். சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தமை, அதிலும் குறிப்பாகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளாகிய நமக்கு, கசப்பானதே. ஆயினும் வினாவுதற் கலையில் அவருக்கு நிகர் அவரே.

பாரதத்திலிருந்தும் ஒரு செய்தி கூறலாம். 1957இல் இந்திய மக்களவையில் ராம் சுபக் சிங் என்னும் உறுப்பினர், ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் ஹரிதாஸ் முந்திரா என்ற வணிகரின் கம்பனிப் பங்குகளை வாங்கியதுண்டா என்ற பொருளில் வினவினார். துணை அமைச்சர் மழுப்பினார். அவ்வளவோடு நின்றிருக்கலாம். டிசம்பரில் பெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங் கட்சியினர், பிரதமரின் மருமகர். ஏறத்தாழ ரூபா 1.24 கோடி பொதுமக்கள் பணம் எவ்வாறு, எவர் சொல்லி, ஆறு கம்பனிகளில் இடப்பட்டது என்று படிப்படியாகக் கேட்டார். பம்பாய் உயர்நீதிமன்றப் பிரதம நீதியரசர் சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். நம் சென்னையார் ஒருவர், ஆற்றல் மிக்க அமைச்சர், இவ்வாறு நீங்கியது வருந்தத்தக்கதே. ஆயினும், முதலில் வினவிய உறுப்பினரும் பின்னர் துருவிய உறுப்பினரும் இருவரும் ஆளுங் கட்சியினரே என்பதை நோக்குக. எதிர்க்கட்சியினர் மட்டுமே கேட்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

இனி, நம் பாராளுமன்றத்துக்கு வருவோம். வாய்மூல விடைக்குரிய வினாக்களுக்கென்று நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. கட்சித் தலைவர்கள் அவசர பொது முக்கியத்துவமுடைய விடயங்களை எழுப்ப நிலையியற் கட்டளை 27(2) இடமளிக்கின்றது. ஏற்பாடுகளில் குறையில்லை. நடைமுறையில் அமைச்சருக்குத் தப்புவழிகள் சில உள. "விடையளிக்க இரண்டு வாரம் அவகாசம் வேண்டுகின்றேன்" என்பது ஒன்று. இரண்டு வாரம் சில வேளை இரண்டு மாதமாகும். "விடையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கின்றேன்" என்பது மற்றொன்று. தாள் மேசைமீது சேர்ந்ததும் துணைக் கேள்விக்கு வேகம் குன்றிவிடும். "விபரங்கள் திரட்டப்படுகின்றன" என்பது எல்லாவற்றினும் வசதியானது. இவற்றுக்கு மருந்து, கேட்டவரே தவணை முடிந்த அன்று மீண்டும் எழுவதுதான். எழுவோர் மிகச் சிலர். விடை எம்மொழியிற் கூறப்பட்டதோ அம்மொழியிலேயே ஹன்சாட்டில் ஏறும். சிங்களம் வாசிக்கத் தெரியாத தமிழருக்கு, தம்மைப் பற்றிய விடை கையிலிருந்தும் எட்டாக் கனியே. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்துக்குப் பின்னும் நிலை இதுவே.

மாத்தளை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் ஐந்து இடங்கள். தமிழ் வாக்குகளை மட்டுமே கொண்டு அவற்றுள் ஒன்றைப் பெறுதல் அரிதென்பது எல்லோரும் அறிந்த கணக்கு. ஆதலால் இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் உக்குவளையிலும் வாழும் நம்மவர் நெடுங்காலமாக நுவரெலியாவை நோக்கியே கையேந்தி வந்திருக்கின்றனர். நம் வாக்கைப் பெற்றவர் சிங்கள உறுப்பினர்; நம் குறையைக் கூறுவதோ வேற்று மாவட்டத் தமிழ்த் தலைவரிடம். அவருக்கோ தம் தொகுதிக் குறைகளே தலைக்குமேல் உள. என் கருத்தில் இது மாறவேண்டிய வழக்கம். 1915இல் சிங்கள மக்களுக்காகத் தமிழர் ஒருவர் வினவினாராயின், இன்று மாத்தளையின் தமிழ்த் தொழிலாளிக்காக மாத்தளையின் சிங்கள உறுப்பினர் வினவுவதில் என்ன இழுக்கு? அவர் கேட்கமாட்டார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவோர், ஒருமுறையேனும் நன்கு எழுதிய வினாவொன்றை அவர் கையிற் கொடுத்துப் பார்த்தனரா என்று அறிய விரும்புகின்றேன். மாலையும் மனுவும் கொடுத்திருப்பர். மனுவில் "எங்கள் துன்பங்களைக் கருணையுடன் நோக்கி" என்றிருக்கும். கருணையை ஹன்சாட்டில் எவ்வாறு அச்சிடுவது?

வினா எழுதுவதற்கு முன் உண்மை தெரிதல் வேண்டும். ஒரு சிறு உதாரணம். தோட்டப் பாதை பழுதடைந்தால் பிரதேச சபைத் தலைவரை ஏசுவது நம் வழக்கமாக இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைநிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றதை ஏசியவர் அறியார். சில வேளை தலைவரே அறியார். சட்டம் திருத்தப்பட்டது 2018இல். முப்பது ஆண்டுகள்! "சபைத் தலைவர் ஏன் வஞ்சிக்கிறார்" என்று கேட்டவரை அது பயன் தராத வினா. "33ஆம் பிரிவை எப்போது திருத்துவீர்" என்பதே பயன் தரும் வினா. தவறான ஆளிடம் தவறான கேள்வியைக் கேட்டு ஒரு தலைமுறையைக் கழித்தோம்.

இன்று உண்மை அறிவதற்குப் புதுக் கருவியும் கைவந்துள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பிரசை எவரும் அரச அலுவலகத்திடம் எழுத்தில் தகவல் கோரலாம். கொடுப்பதா மறுப்பதா என்று பதினான்கு வேலை நாளுள் அவர்கள் முடிவு கூறவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்குமேல் ஆணைக்குழுவும் உண்டு. டொனமூர்க் காலத்தில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏழு நிருவாகக் குழுக்களுள் ஒன்றில் அமர்ந்து கோப்புகளைப் பார்த்தனர். இன்று அக்கோப்பின் ஒரு பகுதியையேனும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டுப் பெறலாம். அலுவலகம் தந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சரை வினவும் உறுப்பினரிடம் "விபரங்கள் திரட்டப்படுகின்றன" என்பது செல்லாது.

நம் பழைய மாணவருள் கணக்காளர், சட்டத்தரணி, கல்வி அதிகாரி, தபாலதிபர், தோட்டத்து உத்தியோகத்தர் எல்லோரும் உளர். மும்மொழியிலும் எழுதவல்லோரும் உளர். விழா மண்டபமும் நினைவுத் தூணும் எழுப்பச் சங்கம் எண்ணியிருப்பது நன்றே. அதனோடு, சிறு குழுவொன்றும் அமையட்டும். ஆண்டுக்கு மூன்றே மூன்று வினாக்கள் போதும். பாரதத்து நாலந்தாவில் வாயிற் காப்போரே வருவோரை அரிய வினாக்களால் சோதித்தனர் என்றும், விடை தெரியாதோர் பலர் வாயிலிலேயே திரும்பினர் என்றும் சீன யாத்திரிகர் சுவான்சாங் எழுதியுள்ளார். காஞ்சியிலிருந்து சென்ற தர்மபாலர் தலைவராக விளங்கிய கல்விக்கூடம் அது. அப்பெயரைத் தாங்கிய ஊரை அருகிற் கொண்ட நாம், வாயிற் காப்போன் அளவுக்கேனும் கேட்கப் பழகலாம்.

முதல் வினாவை யானே எழுதித் தருகின்றேன். அரசு நிருவகிக்கும் தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி நிலுவை என்பது பல ஆண்டுகளாகக் கேட்கப்படும் முறைப்பாடு. ஓய்வுபெற்ற முதியவர், தம் சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட காசு எங்கே என்று வினவி ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகின்றார். இது பற்றிய உரைகள் போதிய அளவு நிகழ்ந்துள்ளன. வினா பின்வருமாறு அமையலாம்:

"மாத்தளை மாவட்டத்தில் அரசினால் நிருவகிக்கப்படும் தோட்டங்கள் யாவை; அவை ஒவ்வொன்றிலிருந்தும் கடந்த பத்து ஆண்டுகளில் ஓய்வுபெற்ற தொழிலாளர் எத்தனை பேர்; அவர்களுள் சேமலாப நிதி முழுமையாகச் செலுத்தப்படாதோர் எத்தனை பேர்; ஒவ்வொரு தோட்டத்திலும் எம்மாதம் முதல் எவ்வளவு தொகை நிலுவையாக உள்ளது; அத்தொகை செலுத்தப்படும் திகதியை அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா; இன்றேல், ஏன்?"

இறுதியில் நிற்கும் "இன்றேல், ஏன்?" என்பது யான் கட்டிய சொல்லன்று. நம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வினாக்கள் வழக்கமாக முடியும் முறை அது. சிங்களப் பிரதியை நம் குழுவே செய்து, இரு பிரதிகளையும் மாவட்டத்தின் உறுப்பினர் ஐவருக்கும் ஒரே நாளிற் பதிவுத் தபாலில் அனுப்பலாம். எவர் முதலில் கேட்கின்றாரோ கேட்கட்டும். விடை வந்தால், அதனைத் தமிழாக்கி அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிப்போம். இரண்டு வாரத் தவணை கேட்கப்பட்டால், அத்தவணை முடியும் திகதியையும் குறித்து வைத்து வாசிப்போம்.